எடுத்த பெயர்

‘அவர் நல்ல பெயர் எடுத்தவர்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று. நாமாக எடுக்கும் பெயர் மற்றொன்று. முதல் பெயருக்காக நாம் ஒரு துரும்பையும் அசைத்ததில்லை. இரண்டாவது பெயருக்கோ பத்து வருஷம், இருபது வருஷம் உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எடுத்த பிறகுதான் தொல்லையே ஆரம்பமாகிறது. அந்தப் பெயர் நமக்குச் சொந்தமா, நாம் அதற்குச் சொந்தமா? காலம் மாறும்போது நாமும் மாறினால், ‘கொள்கையற்றவன்’ என்கிறார்கள். மாறாவிட்டால், ‘காலம் அறியாதவன்’ என்கிறார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். குடும்பக் கதை எழுதுகிறவன் என்று பெயர் விழுந்துவிட்டால், அடுத்த நாவலிலும் வாசகர்கள் அதே கூடத்தையும் அதே மாமியாரையும் தேடுகிறார்கள். அன்பினால்தான் தேடுகிறார்கள். அந்த அன்பே சில சமயம் கால்விலங்காகவும் ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போகலாம். பெயரால் வாழும் ஊர் அது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் ராஜசிம்மன், சுற்றிலுமுள்ள சிற்றாலயங்களில் தன்னுடைய விருதுப் பெயர்களை 200க்கு மேல் பொறித்து வைத்தான். பெயர் எடுப்பதில் அவனை மிஞ்சியவர்கள் குறைவு. இன்று கோயிலைப் பார்க்க வருகிறவர்களில் அந்தப் பெயர்களில் நாலைந்தையாவது சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? ராஜசிம்மேச்சுரம் என்று தன் பெயரையே அவன் சூட்டிய கோயிலை, ஊரார் கைலாசநாதர் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பெயர்கள் சுவரில் இருக்கின்றன. மனிதர் நாவில் இல்லை. ஆனால் வேலை நிற்கிறது.

அதே ஊரின் இன்னொரு பெயர், பட்டு. யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கையான பெயர்தான். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வந்தது. ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. காஞ்சிபுரத்துக்கென்று இருந்தது கையும் முறையும் மட்டுமே. அந்த முறையும் மாறாமல் இருக்கவில்லை. கயிறு கட்டி உருவம் எடுத்த ‘அடை’ போய், தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி ஏறியது. நிறங்கள் மாறின, கரைகள் மாறின. ஆனாலும் அது காஞ்சிப் பட்டாகவே இருந்தது. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆனால், விசைத்தறியில் ஓட்டிய சேலையைப் போலி ஜரிகையோடு ‘காஞ்சிப் பட்டு’ என்று விற்பவரும் உண்டு. அவர்களைக் கேட்டால், ‘காலத்துக்கேற்ப மாறியிருக்கிறோம்’ என்பார்கள். ஜக்கார்டு வந்ததும் மாற்றம்தானே, இது மட்டும் ஏன் குற்றம்? விசைத்தறித் துணி நெய்வது குற்றமே அல்ல. அதை அதன் பெயரால் விற்கலாம். பண்டத்தை மாற்றிவிட்டு, மாறவில்லை என்று பெயரைக் கொண்டு சாதிப்பதுதான் மோசடி.

நேர்மையான மாற்றம் எப்படி இருக்கும் என்பதைத் தறியே காட்டுகிறது. சேலையின் உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், உடலின் பாவு முடியும் இடத்தில் ஒவ்வோர் இழையோடும் புது நிற இழை ஒன்றைக் கோத்துச் சேர்க்கிறார்கள். ‘பிட்னி’ என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான இழைகள், மணிக்கணக்கான வேலை. சேர்த்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதை யாரும் மறைப்பதில்லை. விவரம் தெரிந்த பெண்மணி சேலையைப் பிரித்ததும் அந்த இடத்தைத்தான் பார்க்கிறாள்.

மனிதர்களிடமும் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்தவர் அண்ணா. திராவிட நாடு கேட்டுப் பெயர் எடுத்தவர். 1962இல் மாநிலங்கள் அவையிலும் அதையே பேசினார். அதே ஆண்டு சீனப் படையெடுப்பு வந்தது; மறு ஆண்டு பிரிவினைக்கு எதிரான அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 1963இல் அவருடைய கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. பதவிக்காக மாறினார் என்றவர்கள் உண்டு. கட்சியைக் காப்பாற்றினார் என்றவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: முன்பு கேட்டதை அவர் கேட்கவே இல்லை என்று சாதிக்கவில்லை. கோரிக்கையை விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒட்டிய இடம் தெரிந்தது.

எம். எஸ். சுப்புலட்சுமியின் மாற்றம் வேறு விதம். 1938இல் ‘சேவாசதனம்’ படத்தின் கதாநாயகி. 1941இல் ‘சாவித்திரி’யில் நாரதராக வேஷம் கட்டினார்; அதில் கிடைத்த பணம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க உதவியது. 1945இல் தமிழ் ‘மீரா’, 1947இல் ஹிந்தி ‘மீரா’. புகழின் உச்சியில் திரையை விட்டுவிட்டார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். நடிகை என்ற பெயரை அவர் இறுகப் பற்றவும் இல்லை. அதைக் கண்டு கூசி ஒளிக்கவும் இல்லை. எல்லா வேஷத்திலும் மாறாதது அந்தக் குரலும் சுருதியும்தான். அவர் உடுத்திய காஞ்சிப் பட்டின் நீலத்துக்கு ‘எம். எஸ். நீலம்’ என்று பெயரே வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு கேள்வி உறுத்துகிறது. நீலத்துக்கு உடுத்தியவர் பெயர். சேலைப் பெட்டியின் மேல் கடையின் பெயர். பட்டுக்கு ஊரின் பெயர். குழித்தறியில் கால் வைத்து நாளெல்லாம் குனிந்திருந்தவரின் பெயர் எங்கே? பெயரைக் காப்பாற்றும் கவலையே பெயர் உள்ளவர்களுக்கு வாய்த்த ஒரு வசதி அல்லவா?

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் ஆலைகள் பெருகின. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் மாதச் சம்பளத்தை நாடி அங்கே போனார்கள். ‘பரம்பரைக் கலையை விட்டுவிட்டார்களே!’ என்று நாம் அங்கலாய்க்கிறோம். கல்யாணத்துக்குப் பட்டு வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்களும் நாம்தான். காஞ்சிப் பட்டு என்ற பெயரின் லாபம் ஓரிடத்தில் சேருகிறது. அதற்கு உண்மையாக இருக்கும் பாரத்தை மட்டும் தறியில் இருப்பவர் தலையில் வைக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

பெயருக்கு உண்மையாக இருக்கும் கடமை, அந்தப் பெயரால் நாம் அடைந்த அளவுக்கே உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரால் வீடு கட்டியவர், மேடை ஏறியவர், மாலை வாங்கியவர் மாறும்போது, ஒட்டிய இடத்தைக் காட்டியே மாற வேண்டும். பெயரால் ஒன்றுமே பெறாதவர் பிள்ளைக்குட்டிகளின் சாப்பாட்டுக்காகத் தறியை விட்டு எழுந்தால், அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவரைத் தறியில் இருக்கச் சொல்ல விரும்பினால், சேலைக்கு நாம் கொடுக்கும் விலையில் கைக்கூலி எவ்வளவு என்று கடையில் கேட்டுப் பார்க்கலாம். அதைக் கேட்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?