கோலம் போடும் கைக்கா கணக்கு வராது?

“கணக்கு எனக்கு வராது.” இந்தப் பேச்சை இன்றோடு விட்டொழி, தங்கையே! மார்கழி விடியலில் வாசல் தெளித்து, ஒரு புள்ளி பிசகாமல் கோலம் போட்டு நிமிர்கிறவள் நீ. உன் வாயிலிருந்து அந்தச் சொல் வரலாமா?

ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதிக்குப் போய்ப் பார். அளவுகோல் இல்லை, கோணமானி இல்லை. விரலிடுக்கில் கோலமாவு மட்டும்தான். ஏழு புள்ளி, நாலு வரை, இடுக்குப் புள்ளி. நடுவில் ஏழு, மேலேயும் கீழேயும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37. புள்ளிகள் சம தூரத்தில் விழுந்தால், ஓரத்தைச் சேர்த்ததும் ஒழுங்கு அறுகோணம்! ஆறு பக்கமும் சமம், முனைக்கு 120 பாகை. கரும்பலகையில் இதைப் பார்த்தா மிரண்டாய்?

ஒரு முனையில் சாக்பீஸை வை. இருபுறமும் ஒட்டியிருக்கும் முனைகளை விட்டு, மற்ற முனைகளுக்குக் கோடு இழு. மூன்று மூலைவிட்டம், நான்கு முக்கோணம். ஒரு முக்கோணத்துக்கு 180 பாகை, நான்குக்கு 720. ஐங்கோணமா? மூன்று முக்கோணம், 540. பக்கங்களில் இரண்டைக் கழித்து 180-ஆல் பெருக்கு, அவ்வளவுதான். சூத்திரத்தை உருப்போடாதே, இழுத்துக் கண்டுபிடி! நீயே கண்டது பரீட்சை ஹாலில் கைவிடாது.

வெளிக்கோணம் குழப்புகிறதா? பங்குனித் தேரோடு கபாலீஸ்வரர் கோயிலின் நான்கு மாட வீதியும் நட. புறப்பட்ட இடத்தில், புறப்பட்ட திசையையே பார்த்து நிற்கும்போது நீ திரும்பியது மொத்தம் 360 பாகை. வீதி சற்றுக் கோணலானாலும் கூட்டுத்தொகை மாறாது. முனை ஆறோ அறுபதோ, உள்வாங்காத எந்தப் பலகோணத்துக்கும் அதே 360!

நம் வாசலில் கிடந்ததை அறிவென்று மதித்தவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். மூவரில் இருவர் பெண்கள். உன் கையை நீ மட்டும் ஏன் குறைத்து எடை போடுகிறாய்?

1796-இல் காஸ் என்ற ஜெர்மன் இளைஞனுக்கு வயது 18. கவராயமும் குறியில்லாத அளவுகோலும் போதும், 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று நிரூபித்தான். இரண்டாயிரம் ஆண்டாக எவருக்கும் எட்டாதது அது. அதன் உட்கோணங்கள் மொத்தம் எத்தனை பாகை? 17-இல் இரண்டு போனால் 15. எடு பேனாவை, மிச்சத்தை நீ பெருக்கு!