உள்ளே ஒரு திரை

சன்னலோரம். காலை வெளிச்சம். கறுப்புத் துணியின்மேல் ஓர் உருண்டைக் கல், மெருகேறியது, நிறமற்றது.

பெயர் இன்னும் வைக்கவில்லை.

*

உள்ளங்கையில் ஏந்துகிறேன். குளிர்.

கண்ணாடியும் முதலில் குளிரும். சற்றைக்கெல்லாம் கைச்சூட்டுக்கு இணங்கிவிடும். இது இணங்கவில்லை. குவார்ட்ஸ் கண்ணாடியைவிட விரைவாகச் சூட்டைக் கடத்துகிறது. தொட்ட இடத்தில் தங்கவிடுவதில்லை.

குளிர் நீள்கிறது. மனம் பெயர் சொல்ல அவசரப்படுகிறது. அந்த அவசரமும் தெரிகிறது.

*

பத்து மடங்கு உருப்பெருக்கி.

உருண்டையான காற்றுக் குமிழிகளைத் தேடுகிறேன். சுழன்று உறைந்த கோடுகளைத் தேடுகிறேன். இருந்தால் கண்ணாடி.

இல்லை.

*

வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடி. அதன்மேல் கல். மெல்ல உருட்டுகிறேன்.

ஒரு முடி. இன்னும் சற்று. இரண்டு முடி.

குவார்ட்ஸ் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரே ஒரு திசையில் மட்டும் பிரிப்பதில்லை. அந்த அச்சு கண்ணுக்கு நேராக வரும்போது முடி மறுபடி ஒன்றாகிறது. கண்ணாடி உருண்டையில் எப்படி உருட்டினாலும் ஒன்றுதான். கால்சைட்டில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும்.

உருட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒன்று. இரண்டு. ஒன்று.

*

தராசு. காற்றில் 530 கிராம். நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால் 330.

நீரில் குறைந்தது 200. வகுத்தால் 2.65.

குவார்ட்ஸின் அடர்த்தி இது. சன்னல் கண்ணாடி 2.5 அருகே நிற்கும். கிரிஸ்டல் என்று கடையில் விற்கும் ஈயக் கண்ணாடி பெரும்பாலும் இதைவிடக் கனம்.

நூல் நுனியில் ஒரு சொட்டு நீர். விழுகிறது.

*

கடினம் பார்க்கக் கீற வேண்டும். மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கண்ணாடி 5.5 அருகே. கால்சைட் 3.

மெருகிட்ட பரப்பு. கீறவில்லை.

*

நொய்யல் கரை நினைவுக்கு வருகிறது. கொடுமணல். அங்கே அகழ்ந்த மண்ணில் மணி செய்தவர்கள் விட்டுப்போனவை: குவார்ட்ஸ், சூதுபவளம், பாதி தேய்த்த மணிகள், துளையிடாத மணிகள். தஞ்சாவூர் அருகே வல்லத்தில் இதே கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்தார்கள்.

நினைவு போகிறது. கல் இருக்கிறது.

*

விலை.

குவார்ட்ஸ் அரிதல்ல. ஆற்று மணலில் பெரும்பகுதி அதுதான். பெரிய துண்டில் தெளிவு கிடைப்பது அரிது.

கனசதுரக் கல்லை உருண்டையாக்கினால் ஏறத்தாழப் பாதி தூளாகப் போகும். அந்தத் தூளுக்கும் சேர்த்துத்தான் விலை.

வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 33 செ.மீ. குறுக்களவுள்ள ஓர் உருண்டை. எடை 48 கிலோ. உள்ளே குறை ஏதும் இல்லை.

எவ்வளவு பெரிய கல்லிலிருந்து வந்ததோ.

*

ஆய்வுக்கூடத்திலும் குவார்ட்ஸ் வளர்க்கிறார்கள். கனத்த எஃகுக் கலன், கொதிநிலை கடந்த நீர், மிகுந்த அழுத்தம், சில வாரங்கள்.

அதற்கும் 2.65. அதிலும் இரண்டு முடி.

தராசு இதைப் பிரித்துச் சொல்லாது.

*

மூச்சு கல்லின்மேல் படிகிறது. மங்கல். விலகுகிறது.

*

விளக்கைச் சாய்க்கிறேன். உள்ளே, ஓரமாக, மெல்லிய திரை ஒன்று.

உருப்பெருக்கியில் அது நுண்துளிகளாகப் பிரிகிறது. எல்லாம் ஒரே தளத்தில். வளர்கையில் கல் விரிசல் விட்டிருக்கிறது. சிலிக்கா கரைந்த வெந்நீர் புகுந்திருக்கிறது. படிந்து படிந்து விரிசல் மூடியிருக்கிறது. நீரில் கொஞ்சம் வெளியேற வழியின்றி அங்கேயே.

பூமிக்கடியில், எவரும் பார்க்காத காலத்தில்.

*

வியாபாரியின் கண்ணில் இந்தத் திரை குறை. எடைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, இதற்காகக் கொஞ்சம் கழிப்பார்.

மண்ணில் விளைந்த கல் என்று காட்ட இருப்பதும் இந்தத் திரைதான். இதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

*

குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

குவார்ட்ஸ். நிறமற்றது. 530 கிராம். பரப்பில் கீறல் இல்லை. உள்ளே திரை, ஓரமாக.