பிறவி இயல்பும் பெற்றோர் கடமையும்

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே இல்லத்தில் ஒரே தளிகையை உண்டு வளரும் மக்களில் ஒருவன் சாந்தனாகவும் மற்றொருவன் தீக்ஷ்ண ஸ்வபாவம் உடையவனாகவும் இருப்பதை எவரும் கண்டிருப்பர். ஒரு குழந்தை புதியவரைக் கண்டதும் தாயின் முந்தானையில் முகம் புதைக்கும். அதன் தங்கையோ வந்தவர் மடியில் தானே ஏறி அமர்ந்துகொள்ளும். இவ்வேற்றுமையைத் தாயும் கற்பிக்கவில்லை, தந்தையும் கற்பிக்கவில்லை. பூர்வ ஜன்ம வாஸனை என்று சாஸ்திரங்கள் இதனை வழங்கும். கீதையின் 3-ஆம் அத்தியாயம் 33-ஆம் சுலோகத்தில், ஞானமுடையவனும் தன் இயற்கையின் வழியே ஒழுகுகிறான் என்றும், அவ்விடத்தில் வெறும் அடக்குமுறையால் ஆவது சிறிதே என்றும் கண்ணபிரான் உணர்த்துகிறான்.

அங்ஙனமாயின் ஈன்றோருக்கு எஞ்சிய கடமைதான் யாது? எல்லாம் தலையெழுத்து என்று கைவிடும் தந்தையரும் உளர். 'என் பிள்ளை என்னைப்போல் அன்றோ இருத்தல் வேண்டும்' என்று பிரம்பை எடுக்கும் தந்தையரும் உளர். பின்னவரே மிகுதி. அவர்களும் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். இரணியன் அன்பில்லாத தந்தை அல்லன். பிள்ளையை மடிமீது இருத்தி, கற்றது யாது என்று ஆசையுடன் வினவியவன் அவன். வந்த விடை தன் ஸ்வபாவத்துக்கு மாறாக இருந்தபோதுதான் அவ்வாசை கோபமாகத் திரும்பியது. சண்டன், அமர்க்கன் என்னும் ஆசிரியர் இருவரும் மறுபடியும் மறுபடியும் அதே பாடத்தை அதே முறையில் புகட்டினரேயன்றி, எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளை எத்தகையவன் என்று ஒருநாளும் பார்த்திலர்.

ஜீவாத்மா எம்பெருமானுக்கே சேஷபூதன் என்பது நம் ஸித்தாந்தம். இதனை நாள்தோறும் ஓதுகிறவர்களும் தம் பிள்ளை என்று வரும்போது மறந்துவிடுகின்றனர். குழந்தை ஈன்றோரின் உடைமை அன்று. அவர்கள்பால் ஒப்புவிக்கப்பட்ட பொருள். ஒப்புவிக்கப்பட்ட பொருளைத் தம் விருப்பத்திற்கு உருக்கி வார்க்க எவருக்கு உரிமை உண்டு?

திருக்குருகூரில் காரியாரும் உடையநங்கையாரும் பெற்ற பிள்ளை பிறந்தபோது அழவில்லை, பாலும் உண்ணவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்தமையால் மாறன் என்று திருநாமமிட்டு, ஆதிநாதன் ஸந்நிதிக்கு எடுத்துச்சென்று புளியமரத்தடியில் அமர்த்தினர். 16 ஆண்டுகள் அப்பிள்ளை வாய் திறக்கவில்லை என்று குருபரம்பரை கூறும். அந்தத் தாயின் நெஞ்சம் எவ்வளவு வெதும்பியிருக்கும்! ஆயினும் அண்டை வீட்டுப் பிள்ளைகளைக் காட்டிக் குறைகூறியதாக வரலாறு இல்லை. அம்மௌனத்திற்கு ஓர் இடம் கொடுத்தனர். அங்கிருந்தே திருவாய்மொழி நமக்குக் கிடைத்தது. (வாய் பேசாத குழந்தை எல்லாம் ஆழ்வார் என்று கொள்ளலாகாது. உரிய வயதில் பேச்சு வராவிடில் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.)

மேனாட்டு மருத்துவரும் இவ்விஷயத்தை ஆராய்ந்துள்ளனர். நியூயார்க் நகரில் அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956-ஆம் ஆண்டில் தொடங்கி, 133 குழந்தைகளைச் சிசுப்பருவம் முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். சிசுப்பருவத்திலேயே ஸ்வபாவ பேதங்கள் தென்படுகின்றன என்றும், குழந்தையின் இயல்புக்கும் வளர்ப்போரின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே அதன் நலனைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்றும் அவர்கள் கண்டனர். நந்தவனக் கைங்கர்யம் செய்பவருக்கு இது புதிதன்று. துளசியின் வேரில் நீர் தேங்கினால் அழுகும். தாமரைக்கோ நீர் தேங்கியே நிற்க வேண்டும். இரண்டும் ஒரே பெருமாளின் திருவடிக்குத்தான் போகின்றன.

இயல்பு என்று விட்டுவிட்டால் பிள்ளை கெட்டுப்போகாதோ என்பது நியாயமான வினாவே. யசோதைப் பிராட்டி கண்ணனை அவன் போக்கில் விட்டுவிடவில்லை. தயிர்த்தாழியை உடைத்தவனைக் கோல்கொண்டு துரத்தினாள். பிடிபட்ட குழந்தை அஞ்சி நடுங்குவதைக் கண்டவுடன் கோலை எறிந்துவிட்டாள் என்று பாகவதம் 10-ஆம் ஸ்கந்தம் சொல்லும். கோலை எறிந்தவள் தண்டனையை எறிந்துவிடவில்லை, கயிற்றை எடுத்தாள். கயிறு இரண்டு அங்குலம் குறைந்தது. மேலும் மேலும் முடிந்தும் குறைந்தது. அவள் சலிக்கவும் இல்லை. பிறர் பொருளைச் சிதைத்தல் தகாது என்னும் நெறி அப்படியே நிற்க, அதனைப் புகட்டும் உபாயத்தை மட்டும் குழந்தையின் முகம் பார்த்து மாற்றினாள். பொய்யும் களவும் எந்தப் பிள்ளைக்கும் இயல்பென்று மன்னிக்கத்தக்கன அல்ல. கூச்சம், வேகம், அச்சம், பிடிவாதம் ஆகியன வேறு வகை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணித் தண்டிப்பதிலேதான் பிள்ளைகள் நொறுங்கிப் போகின்றனர்.

திருவிழாவிலேயே இதனைக் காணலாம். வேட்டுச் சத்தத்திற்கும் மேளத்திற்கும் நடுங்கி அலறும் குழந்தையைத் தோளில் தூக்கி, 'பெருமாளைப் பார், பார்' என்று கூட்டத்தின் நடுவே நீட்டும் தந்தையர் பலர். அக்குழந்தை ஸேவிப்பது பெருமாளை அன்று, தன் பயத்தையே. அதனை விடியற்காலையில், கூட்டம் சேருமுன் ஸந்நிதிக்கு அழைத்து வந்தால் தானே கைகூப்பும். ஓடித்திரியும் பிள்ளையைப் பிரபந்த கோஷ்டியில் கட்டிவைப்பதைவிட, தீர்த்தப் பாத்திரம் தூக்கும் சிறு கைங்கர்யத்தில் நிறுத்தினால் அவன் வேகமே தொண்டாகிவிடும்.

ஆசார்யர்கள் வளர்ந்தவர்களிடத்தும் இவ்வண்ணமே நடந்தனர். நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார் இளமையில் வாதத்தில் வென்று பாதி ராஜ்யம் பெற்று அரசபோகத்தில் ஆழ்ந்திருந்தார். மணக்கால் நம்பி அவரைக் காண வந்தபோது காவல் கடக்க முடியவில்லை. நம்பி கோபிக்கவுமில்லை, உபதேசிக்க விரையவுமில்லை. அரண்மனை மடைப்பள்ளிக்கு ஆறு மாத காலம் தூதுவளைக் கீரை கொணர்ந்து கொடுத்தார்; பின் சில நாள் நிறுத்தினார். கீரை எங்கே என்று அரசரே கேட்டு அவரை அழைத்தார். செல்வத்தில் மனம் வைத்தவரிடம் நம்பி வைராக்யம் பேசவில்லை. 'உம்முடைய பாட்டனார் வைத்த நிதி ஒன்று உண்டு. இரு நதிகளின் நடுவே, ஏழு மதில்களுக்கு உள்ளே இருக்கிறது' என்றார். அதனை அடையும் வழியாகக் கீதையின் பொருளை நாள்தோறும் சொல்லி, திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்று பெரிய பெருமாளைக் காட்டிக் கொடுத்தார்.