நுழைவுச்சீட்டும் நேர்த்திக்கடனும்

குடும்பத்தோடு ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போகத் திட்டமிடும்போது முதலில் எழும் சமயக் கேள்வி, இன்பத்துக்கென்றே ஒரு நாளையும் ஒரு தொகையையும் ஒதுக்குவது இல்லறத்தாருக்குத் தகுமா என்பது. கோவிலுக்குப் போனால் புண்ணியம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் உறவு. ராட்டினம் சுற்றிவிட்டு வந்தால் என்ன மிச்சம்? மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்து அசாம் ஜாவா, ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் இப்படிக் கேட்டால் அதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். பால்மரமானாலும் செம்பனையானாலும் தோட்டத்து நாள் விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொடங்கும். பெரட்டில் நிற்காதவருக்கு அன்றைய கூலி இல்லை. ஆகவே வேலைக்குப் போகாத நாள் என்பது வருமானம் போன நாள். உறுத்தல் இல்லாமல் ஓய்ந்திருக்க முடிந்தவை சாமி பேரைச் சொன்ன நாட்கள்தாம்: தீபாவளி, தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா, தைப்பூசம். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அங்கே போன குடும்பம் காவடியோடு படியேறியது. இறங்கி வந்ததும் கடைத்தெருவில் வளையல் பார்த்தது, பிள்ளைகளுக்குப் பலூன் வாங்கியது, முறுக்குப் பொட்டலத்தோடு கூட்டத்தை வேடிக்கை பார்த்தது. நேர்த்திக்கடனின் நிழலில் கேளிக்கையும் நடந்தது. அது தகுமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

பிற்காலத்தில் இரண்டும் பிரிந்தன. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் சன்வே லகூன் 1993இல் திறக்கப்பட்டது. லிம் கோ தோங் 1965இல் தொடங்கிய கெந்திங் மலைத் திட்டத்தில் இன்றுள்ள ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா 2022இல் வந்தது. அசாம் ஜாவாவை டெம்ப்ளர் பார்க் பக்கத்தோடு இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறந்தபின், காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்புவது எளிதாயிற்று. கெந்திங் மலையில் சூதாட்ட விடுதியும் உண்டு, சின் சுவீ குகைக் கோவிலும் உண்டு. ஆனால் பூங்காவின் நுழைவுச்சீட்டுக்கும் எந்த வேண்டுதலுக்கும் தொடர்பில்லை. இன்பம் இங்கே தனியாக நிற்கிறது. அதனால்தான் அதற்கு நியாயம் தேட வேண்டியிருக்கிறது.

நியாயம் தமிழ் மரபிலேயே இருக்கிறது. இல்லறத்தான் பேண வேண்டியவர்களைத் திருக்குறள் ஐந்தாக வகுக்கிறது: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். தன்னைப் பேணுவது எப்படி அறமாகும் என்ற ஐயத்துக்குப் பரிமேலழகர் விடை தருகிறார். எந்த அறத்தையும் செய்வதற்குத் தான் இருந்தாக வேண்டும், ஆகவே தன்னைக் காப்பதும் அறமே என்பது அவர் கருத்து. கோவில்களோ ஒரு படி மேலே போயின. சாமிக்கே ஊஞ்சல் கட்டின, தெப்பம் விட்டன, வெயில் காலத்தில் வசந்த விழா எடுத்தன. உலகைப் படைப்பதே இறைவனின் விளையாட்டு என்று வேதாந்தம் சொல்லும். சைவ சித்தாந்தம் ஐந்தொழிலும் உயிர்கள்மேல் கொண்ட அருளால் நடப்பவை என்று வற்புறுத்தும். கருத்து எதுவானாலும் களிப்பைப் பாவமென்று இம்மரபு ஒதுக்கவில்லை. அது அஞ்சியது பற்றுக்கு.

மேற்கில் அரிஸ்டாட்டில் விளையாட்டை மருந்து போலக் கருதினார். களைப்பு நீங்கி மறுபடி செயலில் இறங்கவே அது உதவும் என்றார். இந்த வாதம் தோட்டத்துக்குப் பொருந்தாது. ஓய்வு வேலைக்காகத்தான் என்றால் தொழிலாளியின் விடுமுறையும் முதலாளியின் கணக்கில்தான் சேரும். ஓய்வின் வேர் வழிபாட்டில் இருக்கிறது என்று 1948இல் எழுதிய ஜெர்மானியர் யோசஃப் பீப்பரின் பார்வையே பத்துமலையைக் கண்டவர்களுக்கு நெருக்கமானது.

தகும் என்று முடிவானபின் அளவு பற்றிய கேள்வி வருகிறது. வரவு சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்ற குறளின் கணக்கு இங்கே நேராகப் பொருந்தும். நேர்த்திக்கடனுக்காக வருத்திக்கொள்வதில் பொருள் உண்டு. அது கொடுத்த வாக்கு. உல்லாசப் பயணத்துக்கு அப்படி ஒரு வாக்கு கிடையாது. வட்டிக்கு வாங்கிப் போவதைவிட ஒரு வருடம் தள்ளிப்போடுவது நல்லது. கம்போங் குவந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போவதும் மலாவத்திக் குன்றில் குரங்குகளுக்கு நடுவே ஒரு மாலையைக் கழிப்பதும் இந்த வட்டாரக் குடும்பத்துக்குக் கைக்கெட்டும் தூரம்.

அளவைவிடக் கடினமான கேள்வி, இன்பம் யாருக்கு என்பது. எந்தப் பூங்காவிலும் நிழலான ஒரு பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். மடியில் பேரப்பிள்ளையின் துண்டு, காலடியில் ஆறு ஜோடிச் செருப்பு, பக்கத்தில் எல்லோருடைய பைகளும். காலை முதல் அவர் இடம் மாறவில்லை. அவருக்கும் சீட்டு வாங்கியாயிற்று, ஆனால் அவர் வந்தது காவலுக்கு. பெரிய ராட்டின வாசலில் உயரம் அளக்கும் பலகையருகே ஆறு வயதுப் பையன் குதிகாலைத் தூக்கி நிற்கிறான். ஊழியர் மெல்லத் தோளை அழுத்துகிறார், இரண்டு விரற்கடை குறைகிறது, அக்காள் மட்டும் உள்ளே போகிறாள். இரண்டுமே முன்கூட்டித் தெரிந்திருக்கக்கூடியவை. உயர வரம்புகளைப் பூங்காக்கள் முன்பே வெளியிடுகின்றன. வீட்டு நிலைக்கதவில் பையனை அளந்துவிட்டு அவனால் ஏறக்கூடியதை மட்டும் அவனிடம் சொல்லி ஆசை வளர்க்கலாம். பை காப்பதை மணிக்கு ஒருவராக மாற்றிக்கொண்டால் பாட்டியும் பேத்தியோடு படகில் ஏறலாம். வெளிச்சாப்பாட்டை உள்ளே அனுமதிக்காத இடமென்றால், புளிச்சாதத்தைக் கார் நிறுத்துமிடத்திலேயே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு நுழையலாம். சுற்றத்தாரைப் பேணுதல் என்ற கடமை அன்றைக்கு இப்படித்தான் நிறைவேறுகிறது.

கூடுதல் பணம் கட்டி வரிசையைத் தாண்டும் சீட்டு சிலருக்கு உறுத்தும். தமிழ்நாட்டுக் கோவில்களின் கட்டண தரிசனத்தோடு இதை ஒன்றாக வைப்பது சரியில்லை. சன்னிதியில் அருள் விலைப்பொருள் ஆகாது, அங்கே பணம் முந்துவது தவறு. பூங்காவில் விற்கப்படுவதே நேரம்தான். முழங்கால் வலிக்காரரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் அதை வாங்குவதில் குற்றமில்லை. பெரிய குற்றம், கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியே தீர வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டுவது. தோட்டத்தில் எடைக்கும் குலைக்கும் கூலி வாங்கிப் பழகிய கணக்கு ஓய்வுநாளுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

நாள் குறிப்பதில் இன்னும் இரண்டு செய்திகள். காவடி எடுப்பவர் வீட்டில் இருந்தால் அவர் விரதம் முடியும்வரை காத்திருப்பதே முறை. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும், கூட்டிப்போய் விரதச் சாப்பாட்டுக்கு அல்லாட விட்டாலும் அவருக்குத்தான் சிரமம். துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடாத வழக்கம் பூங்காவுக்கும் பொருந்துமா என்பதில் பெரியவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கருமாதி முடிந்து சில மாதங்களானபின், தாத்தாவை இழந்த பிள்ளைகளைப் பாட்டியின் சம்மதத்தோடு அழைத்துப் போவதில் தவறு காண்பதற்கில்லை. சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பாட்டி பேசாமல் இருந்தார் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.