கூண்டு திறந்து போன குருவியைத் தேட வேண்டுமா?



வீட்டில் வளர்த்த ஒரு சின்ன உயிர் காணாமல் போய்விடுகிறது. லவ் பேர்ட்ஸாக இருக்கலாம், முயலாக இருக்கலாம், பூனைக்குட்டியாக இருக்கலாம். பிள்ளை அழுகிறது. வீட்டுப் பெரியவர், "இதுக்குப் போயா அழுவுற? போனா போகுது, வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறார். ஒரு பறவையைத் தேடி வெயிலில் அலைவது வீண் வேலையா, அல்லது நம் மீது இருக்கும் பொறுப்பா? மார்க்கம் இதில் என்ன சொல்கிறது?

முதலில் மதீனாவில் ஒரு வீட்டுக்குப் போவோம். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்களின் வீடு. அங்கே பால்குடி மறந்த பருவத்தில் அபூ உமைர் என்றொரு சிறுவர், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அவரிடம் ஒரு சின்னக் குருவி இருந்தது. ஒருநாள் அந்தப் பிள்ளை வாடிப்போய் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் காரணம் கேட்டார்கள். குருவி இறந்துவிட்டது என்றார்கள். உடனே நபியவர்கள் அந்தச் சிறுவரையே அழைத்து, பெரிய மனிதரிடம் கேட்பதைப் போல, அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. ஒரு சமுதாயத்தின் தலைவருக்கு ஒரு குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. நமக்கு இல்லை! ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னுல் காஸ் (ரஹ்) என்ற அறிஞர் இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள்.

அங்கே குருவி இறந்துவிட்டது; தேட ஒன்றுமில்லை. நம் கேள்வியில் அது உயிரோடு எங்கோ இருக்கிறது. இதற்கு வழிகாட்டுவது வேறொரு ஹதீஸ்.

வழிதவறிய ஆட்டைப் பற்றி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அது உனக்கு, இல்லையேல் உன் சகோதரனுக்கு, இல்லையேல் ஓநாய்க்கு என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பிறகு அவர் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோது நபியவர்களின் முகம் கோபத்தால் சிவந்தது. அதை விட்டுவிடச் சொன்னார்கள். ஒட்டகத்துக்கு நடக்கக் காலும், தாங்கத் தண்ணீரும் அதனிடமே இருக்கின்றன. உரியவர் வந்து சேரும்வரை அது பிழைத்துக்கொள்ளும்.

நம் குஜிலியம்பாறை வட்டாரம் வானம் பார்த்த பூமி. அய்யலூர் வியாழக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவர்களுக்கு இந்த ஹதீஸை யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டியில் ஒரு குட்டி குறைந்தால் ராத்திரியே டார்ச் லைட்டோடு கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். நாய் முந்திக்கொள்ளும் என்று தெரியும். குட்டிக்கு விலை இருக்கிறது, தேடுகிறோம். லவ் பேர்ட்ஸுக்கு என்ன விலை? ஆனால் அந்த ஹதீஸ் விலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒட்டகத்தைத்தான் முதலில் பிடிக்கச் சொல்லியிருக்கும். தானாகப் பிழைக்குமா, பிழைக்காதா என்பதைத்தான் பார்த்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கும் பறவைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இனம். கூண்டிலேயே பிறந்து, கிண்ணத்தில் தினை தின்று வளர்ந்தது. வெளியே இரை தேடத் தெரியாது. காக்கையும் வல்லூறும் விடாது. அது ஓநாய்க்கு முன் நிற்கும் ஆடு. அதைத் தேடத்தான் வேண்டும். தன்னால் இரை தேட முடியாத நிலைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் நாம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்ற செய்தி நமக்குத் தெரியும். அடைத்து வைத்தவருக்குத்தான் உணவின் பொறுப்பு.

பச்சைக்கிளி பறந்துவிட்டதா? அது ஒட்டகத்தைப் போல; இந்த மண்ணின் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தவித்துச் சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். எனவே நன்றாகப் பறக்கும் கிளி போய்விட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லுங்கள். இறக்கையை வெட்டி வைத்திருந்தீர்களா? அப்படியானால் ஒட்டகத்தின் காலை நாமே எடுத்துவிட்டோம். அதைத் தேடிப் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

தேடுவதிலும் ஒழுக்கம் உண்டு. குருவி அடுத்த வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறது என்று சுவரேறிக் குதிக்கக் கூடாது. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழைய வேண்டாம் என்று குர்ஆன் (24:27) சொல்வதில் பறவை தேடுகிறவருக்கு விதிவிலக்கு இல்லை. "அந்தத் தெருப் பசங்கதான் பிடிச்சிருப்பாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதும் ஆகாது. போன பறவை திரும்பி வரலாம், சொன்ன சொல் வராது. அதேபோல உங்கள் மாடியில் யாரோ வளர்த்த பறவை வந்து அமர்ந்தால், அல்லாஹ் கொடுத்தது என்று கூண்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்டெடுத்த பொருளைப் போல அதை அறிவிக்க வேண்டும்.

இன்னொன்று. பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். காணாமல் போன சிவப்பு ஒட்டகத்தைப் பள்ளியில் அறிவித்தவருக்கு, அது கிடைக்காமல் போகட்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பள்ளிகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. முஸ்லிமில் பதிவான செய்தி. கடுமையாகத் தெரியலாம். ஆனால் கடைவீதியிலும் பள்ளியின் வாசலுக்கு வெளியிலும் அறிவிக்கலாம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். எனவே ஜும்ஆ முடிந்து மக்கள் செருப்புப் போடும் இடத்தைத் தாண்டி நின்று கேளுங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்; என்ன நிறம், எப்படிக் கூவும் என்று அதுதான் சரியாகச் சொல்லும். அதற்கு முன் கூண்டை மொட்டை மாடியில், கதவைத் திறந்து, தினையும் தண்ணீரும் வைத்துவிட்டு வாருங்கள். ஜோடிப் பறவை இருந்தால் அதை வேறொரு கூண்டில் பக்கத்திலேயே வையுங்கள். இருட்டுவதற்குள் அதன் சத்தம் கேட்டு வந்தாலும் வரும், இன்ஷா அல்லாஹ்.