'ஆள் வருது!'
திருவையாறு ஆராதனைக்குப் போறீங்களா? பஞ்சரத்ன கீர்த்தனை பாடுகிற அன்று விடியும்போதே பந்தலுக்குப் போய்விடுங்கள். காவிரிக்கரை, பனி ஈரம் இருக்கும். விரித்து உட்கார ஒரு துண்டு போதும்.

நான் ஒரு வருஷம் இரண்டு துண்டு போட்டேன். ஒன்று, கடைசிவரை வராத நண்பருக்காக. பக்கத்தில் ஒரு பாட்டி, நாட்டை, கௌளை, ஆரபி மூன்றையும் நின்றுகொண்டே பாடினார். 'ஆள் வருது' என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

தியாகராஜருக்கு அங்கே சமாதிக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரையே, பெண் என்பதால் அங்கே பாட விடவில்லை. மறுத்தவர்களும் 'இது எங்க இடம்' என்றுதானே நினைத்திருப்பார்கள்?

வராளி தொடங்கியபோது துண்டை எடுத்துவிட்டேன். பாட்டி உட்கார்ந்தார். பாடுவதை நிறுத்தவில்லை. முந்தி வந்தவனுக்கு உட்கார உரிமை உண்டு, சரி. அடுத்தவரை நிற்கவைக்கவும் உண்டா? நீங்களே சொல்லுங்க.