பட்டியலில் உன் பெயர் இல்லையா? நிரூபித்துக் காட்டு!

தரவரிசையில் உன்னைக் கடைசியில் தள்ளிவிட்டார்களா? தேர்வானவர்கள் பட்டியலில் உன் பெயர் இல்லையா? தலையைத் தொங்கப் போடாதே! ஓர் எண்ணின் வரலாறு சொல்கிறேன், நிமிர்ந்து உட்கார்ந்து கேள்.

2305843009213693951. இரண்டின் 61ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 19 இலக்க எண்.

1644இல் பிரெஞ்சுத் துறவியும் அறிஞருமான மெர்சென், இவ்வகை எண்களில் எவை பகா எண்கள் என்று 257ஆம் அடுக்கு வரை ஒரு பட்டியல் தந்தார். அதில் 67ஆம் அடுக்கு இருந்தது. 61ஆம் அடுக்கு இல்லை. பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி! இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டியலை யாராலும் திருத்த முடியவில்லை.

திருத்தியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இவான் பெர்வூஷின். ரஷ்யாவின் யூரல் பகுதியில் ஊழியம் செய்த நாட்டுப்புறப் பாதிரியார். பல்கலைக்கழகப் பதவி கிடையாது. கணினி பிறக்கவே இல்லை. 1878இலேயே, 25 இலட்சம் இலக்கங்களைத் தாண்டும் ஒரு ராட்சத எண்ணை 167772161 மீதியின்றி வகுக்கும் என்று கண்டு சொன்னவர். 1883இல் அறிவித்தார்: 61ஆம் அடுக்கின் எண் பகா எண்ணே!

பட்டியலில் இடம்பிடித்த 67ஆம் அடுக்கின் எண் என்ன ஆனது? அது பகு எண் என்று 1876இல் பிரெஞ்சுக் கணித மேதை லூகா நிரூபித்தார். 1903இல் ஃபிராங்க் கோல் அதை 193707721 × 761838257287 என்று உடைத்தே காட்டிவிட்டார்!

இப்போது உன் கையில் பேனாவை எடு. லூகா வழிவந்த சோதனையைச் சிறிய எண்ணில் நீயே செய்து பார். இரண்டின் ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 31. நான்கில் தொடங்கு. வர்க்கமாக்கி இரண்டைக் கழி: 14. மறுபடியும் செய்: 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை: 62. மீதி பூச்சியம்! 31 பகா எண் என்பது உறுதி. மூன்றே சுற்று. 61ஆம் அடுக்குக்கு இதையே 59 சுற்று செய்ய வேண்டும், பெரும்பாலான சுற்றுகளில் 19 இலக்க எண்களோடு மல்லுக்கட்டி!

61இன் வெற்றி அதோடு நிற்கவில்லை. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தானாகவே இருப்பது நிறைவெண்; 6 = 1 + 2 + 3 போல. நம் எண்ணை இரண்டின் 60ஆம் அடுக்கால் பெருக்கினால், வரிசையில் ஒன்பதாவது நிறைவெண் கிடைக்கிறது. 37 இலக்கங்கள்!

1644இலும் நம் 19 இலக்க எண் பகா எண்தான். மெர்சென் விட்டுவிட்டதால் அதன் தன்மையில் ஓர் அணுவும் குறையவில்லை. உன் தகுதியும் அப்படித்தான். ஆனால் ஒன்றை மறக்காதே: எண்ணுக்காகக் கணக்குப் போட ஒரு பெர்வூஷின் வந்தார். உன் கணக்கை நீதான் போட வேண்டும்! புலம்பலை விடு. அடுத்த விண்ணப்பத்தை இன்றே நிரப்பு. உன் உழைப்பைச் சுற்றுச் சுற்றாகக் கொட்டு. எந்தப் பட்டியலையும் திருத்தி எழுத வைக்கும் வல்லமை நிரூபணத்துக்கு உண்டு. போ, நிரூபி!